குதிரைக்குச் செவியுறை எதற்கு?

2,300 ஆண்டுகளுக்கும் முன்னர், மாசிடோனிய நாட்டை ஆண்ட மன்னன் பிலிப்பிடம் வணிகன் ஒருவன் ஒரு குதிரையைக் கொண்டு வந்தான். அஃது உயர்ந்த இனத்துக் குதிரை. அதன் விலை 13 தாலந்து. ஆயினும் அதன் மீது ஏற எவராலும் இயலவில்லை. நெருங்கியவர்களையெல்லாம் அது மிரண்டு உதறித் தள்ளியது. பயனற்ற குதிரை என்று கருதிய மன்னன், அதனைத் திருப்பிக் கொண்டு போகுமாறு பணித்தான்.

அருகில் நின்ற அவன் மகன் அலெக்சாண்டர் அக்குதிரையைக் கூர்ந்து கவனித்தான். தனக்கு முன்னே தரையில் ஆடும் தன் நிழலைக் கண்டே அது மிரளுகிறது என்பதை அச்சிறுவன் கண்டுகொண்டான். மெல்ல அருகில் சென்று, கடிவாளத்தைப் பற்றி, குதிரையின் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்புறம் விழுந்தது. குதிரையின் மிரட்சி தணிந்தது. சிறுவன் அதன் முதுகில் ஏறி அமர்ந்தான். பூசெபலசு என்னும் அக்குதிரையே பின்னாளில் அலெக்சாண்டரைப் பல போர்க்களங்களுக்குச் சுமந்து சென்றது. இவ்வரலாற்றைப் புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்துள்ளார்.

மற்றவர்கள் குதிரையை அடக்க முயன்றனர். அலெக்சாண்டரோ குதிரை எதற்காக அஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்தான். குதிரையுடன் பழகும் கலை முழுவதற்கும் இவ்வெண்ணமே அடிப்படை எனலாம். இக்காலத்தில் தடைதாண்டும் குதிரைகளின் தலையில் நாம் காணும் செவியுறையும் இதே எண்ணத்திலிருந்து பிறந்ததே ஆகும்.

மாணவர்களே, தொலைக்காட்சியில் குதிரைப் போட்டிகளைக் கண்டிருப்பீர்கள். சில குதிரைகளின் இரு செவிகளையும் வண்ணத் துணியுறை ஒன்று மூடியிருக்கும். நெற்றியின் மீது அது முக்கோணமாகத் தொங்கும். ஓரங்களில் பின்னல் வேலைப்பாடும் இருக்கும். அதனைக் கண்டு, குதிரைக்கும் தொப்பியா என்று நீங்கள் வியந்திருக்கலாம். அது வெறும் அணிகலனா? அதனால் குதிரைக்கு ஏதேனும் நன்மை உண்டா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தடைதாண்டல் போட்டி

செவியுறையின் பயனை அறிய, முதலில் குதிரை எத்தகைய சூழலில் ஓடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

தடைதாண்டல் போட்டி நடைபெறும் களத்தில் பத்துக்கும் மேற்பட்ட தடைகள் அமைக்கப்பட்டிருக்கும். வண்ணம் தீட்டிய நீண்ட மரக்கழிகள் ஆழமற்ற தாங்கிகளின் மீது வைக்கப்பட்டிருக்கும். குதிரையின் குளம்பு சற்றே வலுவாகப் பட்டாலும் கழி உருண்டு கீழே விழுந்துவிடும். ஒரு தடையின் கழி விழுந்தால் 4 பிழைப்புள்ளிகள். குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் பிழையே. மிக உயர்ந்த நிலைப் போட்டிகளில் தடையின் உயரம் 1.60 மீட்டர் வரை இருக்கும். அஃதாவது, வளர்ந்த ஒரு மனிதரின் உயரத்தை ஒத்திருக்கும். குறைந்த பிழையுடன், குறித்த நேரத்திற்குள் அனைத்துத் தடைகளையும் வரிசைப்படி தாண்டும் குதிரையே வெற்றி பெறும்.

இவ்விளையாட்டு 1900ஆம் ஆண்டில் பாரிசு ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. 1912ஆம் ஆண்டு சுடாக்கோம் ஒலிம்பிக் முதல் நிலையான இடத்தைப் பெற்றது. இதனை நெறிப்படுத்தும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1921ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆடவரும் மகளிரும் தனித்தனியாகப் பிரிக்கப்படாமல், ஒரே போட்டியில் சமமாகக் கலந்துகொள்ளும் சிறப்பும் இவ்விளையாட்டிற்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஏற்று நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலும் குதிரைத் தடைதாண்டல் இடம்பெற்றது.

இனி ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். இப்போட்டியில் குதிரை நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முதல் 400 மீட்டர் வரை ஓட வேண்டியிருக்கும். நிமிடத்திற்கு 360 மீட்டர் என்று கொண்டால், ஒரு வினாடியில் அது கடக்கும் தொலைவு 6 மீட்டர். அரை வினாடி நேரம் அதன் கவனம் சிதறினால், அதற்குள் 3 மீட்டர் கடந்து போய்விடும். குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ மூன்றரை மீட்டர்தான். எனவே, கண் இமைப்பது போன்ற சிறு கவனக்குறைவும், எந்த இடத்தில் கால்களை ஊன்றி எழ வேண்டுமோ அந்த இடத்தைத் தவறவிடச் செய்துவிடும்.

அவ்வாறு தவறவிட்டால் கழி விழுவது மட்டுமே இழப்பு அன்று. குதிரையின் எடை 500 கிலோகிராமுக்கும் மேல் இருக்கும். அத்தகைய பெரிய உடல் விரைந்து வந்து தடையின் முன் திடுமென நின்றுவிட்டால், முதுகிலுள்ளவர் தூக்கி எறியப்படுவார். சூப்பர்மேன் திரைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்ற கிறிசுதோபர் ரீவ், 1995ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் விர்சீனியா மாநிலத்தில் நடந்த ஒரு குதிரைப் போட்டியில் இவ்வாறே வீழ்ந்தார். திறந்தவெளியில் தடைகளைத் தாண்டிச் செல்லும் பகுதியில், அவருடைய குதிரை ஒரு தடையின் முன் திடீரென நின்றது. தலைகீழாக வீழ்ந்த அவருடைய கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழ் உடல் முழுவதும் செயலிழக்க, 2004ஆம் ஆண்டில் இறக்கும் வரை அவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார்.

ஆகவே, குதிரையின் மனம் அமைதியாக இருப்பது வெற்றிக்கு மட்டுமன்றி, உயிர்ப் பாதுகாப்பிற்கும் இன்றியமையாதது ஆகிறது.

குதிரையின் செவி

குதிரை புல்லுண்ணும் விலங்கு. அதற்குக் கொம்பும் இல்லை. கூரிய நகமும் இல்லை. பகையைக் கண்டால் ஓடித் தப்புவதே அதன் தற்காப்பு. ஓட வேண்டுமாயின், பகை நெருங்குமுன் அதனை அறிதல் வேண்டும். அதற்காகவே இயற்கை அதற்கு விரிந்த பார்வையையும் கூர்மையான செவியையும் கொடுத்துள்ளது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆதலால், அது தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை வரை காண வல்லது. நேர் பின்புறமும் மூக்குக்கு நேர் முன்னே உள்ள சிறு பகுதியும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. தடையை மிகவும் நெருங்கியபின் குதிரையால் அதனைத் தெளிவாகக் காண இயலாது. சற்று முன்னர் கண்டதை நினைவிற்கொண்டே அது தாவுகிறது. அந்த நேரத்தில் அதன் கவனம் எங்கும் சிதறாதிருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

குதிரையின் ஒவ்வொரு செவியையும் பத்துக்குக் குறையாத தசைகள் அசைக்கின்றன. அதனால் ஒரு செவியை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகத் தனித்தனியே திருப்ப அதனால் இயலும். மனிதர் கேட்கக்கூடிய ஒலி, வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ளது. குதிரையோ ஏறத்தாழ 55 அதிர்வுகள் முதல் 33,500 அதிர்வுகள் வரை கேட்கும். மிகத் தாழ்ந்த ஒலிகளில் நாம் கேட்கும் சிலவற்றை அது கேட்பதில்லை. ஆனால், நம் செவிக்கு எட்டாத கீச்சொலிகள் பல அதன் செவிக்கு எட்டுகின்றன. நமக்கு அமைதியாகத் தோன்றும் இடம் அதற்கும் அமைதியாக இருக்கும் என்று கூறுவதற்கில்லை.

இத்துணை கூர்மையான செவிக்கு ஒரு குறையும் உண்டு. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதர் ஏறத்தாழ 1 பாகை அளவிற்குத் துல்லியமாக உணர்வர். குதிரைக்கோ ஏறத்தாழ 25 பாகை வேறுபாடு இருந்தால்தான் இரு திசைகளைப் பிரித்தறிய முடிகிறது. சுருங்கக் கூறின், குதிரை ஒலியை நன்கு கேட்கும். அது வந்த இடத்தை நன்கு அறியாது. அதனால், எதிர்பாராத ஓசை ஒன்று எழுந்தால், தலையை உயர்த்தித் திரும்பி, கண்ணால் கண்டு உறுதி செய்துகொள்ள முயல்கிறது. காண இயலாவிடில், ஓடிவிட முனைகிறது. காட்டிலும் புல்வெளியிலும் இப்பழக்கமே அதன் இனத்தைக் காத்தது. போட்டிக் களத்தில் அதுவே இடையூறாகிறது.

குதிரை கேட்பதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் செவியையே பயன்படுத்துகிறது. இரு செவிகளும் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால், எதையோ ஆர்வத்துடன் நோக்குகிறது என்பது பொருள். பிடரியோடு ஒட்டிப் பின்னால் மடிந்திருந்தால் சினம் கொண்டுள்ளது. பக்கங்களில் தளர்ந்து தொங்கினால் ஓய்வாகவோ சோர்வாகவோ உள்ளது. ஒரு செவி மட்டும் பின்புறம் திரும்பியிருந்தால், முதுகில் இருப்பவர் சொல்வதைக் கேட்கிறது. முதுகில் அமர்ந்தவருக்குக் குதிரையின் முகம் தெரியாது. செவிகள் மட்டுமே தெரியும். தேர்ந்த வீரர் அவ்விரு செவிகளையே புத்தகம் போல் படித்துக் குதிரையின் உள்ளத்தை அறிவார்.

முதற்பயன்: பூச்சிகளைத் தடுத்தல்

செவியுறையின் பழைய, முதன்மையான பயன் பூச்சிகளைத் தடுப்பதே ஆகும். ஆங்கிலேயர் இதனை ஈத்திரை என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பதும் இதனாலேயே.

குதிரையின் செவியினுட்புறத் தோல் மிக மெல்லியது. கொசுவினும் சிறிய கருநிற ஈக்கள் அங்கே புகுந்து குருதியை உறிஞ்சும். கடித்த இடத்தில் புண்ணும் பொருக்கும் உண்டாகும். சில குதிரைகளின் செவியில் வெண்ணிறத் திட்டுகள் தோன்றுவதும் உண்டு. ஒரு வகை நச்சுயிரியால் அவை ஏற்படுகின்றன. அந்நச்சுயிரியைப் பரப்புவன இத்தகைய ஈக்களே என்று மருத்துவர் கருதுகின்றனர். செவியில் நோவு கண்ட குதிரை, பின்னர் அன்போடு தடவ வரும் கைக்கும் அஞ்சித் தலையை இழுத்துக்கொள்ளும்.

பூச்சிக்கடியை எளிதாக எண்ணுதல் கூடாது. 2020ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு கடியீக்களே அந்நோயைப் பரப்பின. அந்நாட்டினர் குதிரை இலாயங்களை வலையால் மூடியும் தடுப்பூசி போட்டும் அதனைக் கட்டுப்படுத்தினர். செவியுறை ஒன்றால் மட்டும் அத்தகைய நோயைத் தடுத்துவிட இயலாது. ஆயினும், சிறு பூச்சியும் பெருங்கேடு விளைவிக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பூச்சிகளை விரட்ட இயற்கை குதிரைக்குச் சில கருவிகளைத் தந்துள்ளது. வால், உடலின் பின்பகுதியில் அமரும் ஈக்களை ஓட்டும். தோல், தானே சிலிர்த்து அவற்றை எழுப்பும். நெற்றியில் தொங்கும் முடிக்கற்றை முகத்தைக் காக்கும். செவிக்குள் அடர்ந்திருக்கும் மயிர் பூச்சி புகாமல் தடுக்கும். வால் எட்டாத இடம் தலை. தலையில் அமரும் ஈயை விரட்டக் குதிரை தலையை உலுக்க வேண்டும்.

போட்டிக்குக் குதிரையை அணி செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? பிடரி மயிரையும் நெற்றிக் கற்றையையும் பின்னிக் கட்டிவிடுகிறோம். சிலர் செவி மயிரையும் கத்தரித்துவிடுகின்றனர். தடையை நோக்கி ஓடும் வேளையில் தலையை உலுக்காதே என்றும் எதிர்பார்க்கிறோம். இயற்கை தந்த காப்பை நாம் எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான ஒன்றைத் தருவது நம் கடமையன்றோ? அக்கடமையை ஓரளவு நிறைவேற்றுவதே செவியுறை.

தலையை உலுக்குவது சிறு செயல்தானே என்று சிலர் எண்ணக்கூடும். குதிரை தாவும்போது, நீண்ட கழுத்தையும் தலையையும் தாழ்த்தியும் உயர்த்தியும் தன் உடலைச் சமன்செய்துகொள்கிறது. கயிற்றின் மேல் நடப்பவர் கையிலுள்ள நீண்ட கழி எப்படியோ, அப்படியே குதிரைக்கு அதன் கழுத்து. கயிற்றில் நடப்பவரின் கழியை ஒருவர் தட்டிவிட்டால் என்ன ஆகும்? தாவ எழும் நொடியில் ஓர் ஈ கடித்தால், குதிரைக்கும் அதுவே நேரும்.

இரண்டாம் பயன்: ஒலியைக் குறைத்தல்

பெரிய போட்டிகள் நடைபெறும் இடத்தில் ஒலிக்குக் குறைவில்லை. ஒலிபெருக்கியின் அறிவிப்பு, இசை, ஆயிரக்கணக்கானோரின் கைத்தட்டல், காற்றில் படபடக்கும் கொடிகள், திடீரென விரியும் குடை ஆகியவை குதிரையைச் சூழ்ந்துள்ளன. கூரையிட்ட உள்ளரங்கில் ஒலி சுவரில் மோதி எதிரொலித்துத் திரும்பும். ஒலியின் திசையை அறிய இயலாத குதிரைக்கு எதிரொலி மேலும் குழப்பத்தை ஊட்டும்.

இதற்காகவே செவிப்பகுதியில் தடித்த துணியோ நுரைப்பஞ்சோ வைத்துத் தைத்த சிறப்புச் செவியுறைகள் செய்யப்படுகின்றன. மென்மையான பொருள்கள் ஒலியலைகளை ஓரளவு உள்வாங்கிக்கொள்கின்றன. சிறப்பாக, கீச்சென்ற கூர்மையான ஒலிகளை அவை மிகுதியாகக் குறைக்கும். முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைப்பதில்லை. கூரிய திடீர் ஓசைகளே குதிரையைப் பெரிதும் திடுக்கிட வைப்பதால், இப்பண்பு அதற்கு ஏற்றதாக அமைகிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மெல்லிய நூலால் வலைபோல் பின்னப்பட்ட எளிய செவியுறை, பூச்சியைத் தடுக்குமேயன்றி ஒலியை மிகச் சிறிதே தடுக்கும். இரண்டும் வெளியே ஒன்றுபோல் தோன்றினும், அவை செய்யும் பணிகள் வேறு.

சில வீரர்கள் உறைக்குள்ளே பஞ்சு உருண்டையோ கம்பளி நூல் உருண்டையோ வைத்துச் செவித்துளையை அடைப்பதும் உண்டு. ஒலியை முற்றிலும் நீக்குவது இதன் நோக்கமன்று, நீக்கவும் இயலாது. சூழ்ந்திருக்கும் இரைச்சலைத் தணித்து, முதுகிலிருப்பவரின் கால், கை, உடல் ஆகியவற்றின் குறிப்புகளில் குதிரையின் மனம் படியுமாறு செய்வதே நோக்கம். வீரர் குதிரைக்கு இடும் கட்டளைகளுள் பெரும்பாலானவை சொல்லால் ஆனவை அல்ல, தொடுதலால் ஆனவை. செவியில் இரைச்சல் குறைந்தால், தோலில் படும் மெல்லிய குறிப்பை அது நன்கு உணரும். வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே பேரோசை எழுந்தால் ஆசிரியர் சன்னலைச் சாத்துகிறார் அல்லவா? அதனைப் போன்றதே இதுவும்.

மூன்றாம் பயன்: அழகும் அடையாளமும்

செவியுறை அழகிற்காகவும் அணிவிக்கப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. உலகப் போட்டிகளில் வீரர்கள் தத்தம் நாட்டின் வண்ணத்தையும் கொடியையும் உறையில் பொறித்துக்கொள்கின்றனர். பயிற்சி நிலையங்கள் தங்கள் சின்னத்தைத் தைத்துக்கொள்கின்றன. சேணத்தின் கீழ் விரிக்கும் துணியின் நிறத்திற்கு ஏற்ப உறையின் நிறத்தைத் தெரிவு செய்வோரும் உளர். இதில் தவறேதும் இல்லை. ஆயினும், அழகு மூன்றாம் இடத்திற்கு உரியது. குதிரையின் நலமே முதலிடத்திற்கு உரியது.

செய்யும் முறையும் அணிவிக்கும் முறையும்

நல்ல செவியுறையில் இரு பகுதிகள் உண்டு. நெற்றியையும் உச்சியையும் மூடும் பகுதி பருத்தி நூலால் கொக்கி ஊசி கொண்டு பின்னப்படும். காற்று புகுந்து வெளியேறவும், வியர்வை உலரவும் இப்பின்னல் இடமளிக்கும். செவிகளை மூடும் இரு கூம்புகளும் இழுத்தால் நீளும் மெல்லிய துணியால் தைக்கப்படும். செவியின் வடிவத்திற்கு ஏற்ப அவை அமைந்தால்தான், குதிரை செவியை விருப்பம்போல் திருப்ப இயலும்.

அணிவிக்கும்போது முதலில் செவியுறையை மாட்டி, அதன்மேல் கடிவாள வாரைப் பூட்டுவர். உறை மிகவும் இறுக்கமாக இருப்பின் செவியின் அடியில் உராய்ந்து புண்ணாக்கும். மிகவும் தளர்ந்திருப்பின் கண்ணின் மீது சரிந்துவிடும். கண்ணை மறைத்த உறை, உதவி செய்வதற்கு மாறாகக் கேட்டையே விளைவிக்கும்.

முன்பின் பழக்கமில்லாத குதிரைக்குப் போட்டி நாளன்று திடீரென உறையை மாட்டுதல் தகாது. முதலில் உறையை முகர விட வேண்டும். பின்னர் கழுத்தில் தடவி, மெல்லச் செவியருகே கொண்டு செல்ல வேண்டும். சில நொடிகள் மாட்டி உடனே கழற்ற வேண்டும். சில நாள்கள் இவ்வாறு செய்தபின், இலாயத்திலும் பயிற்சிக் களத்திலும் அணிவித்துப் பழக்க வேண்டும். அச்சத்தைத் தணிக்க வந்த பொருளே அச்சத்திற்குக் காரணமாகிவிடக் கூடாது.

பயன்படுத்தியபின் ஒவ்வொரு முறையும் உறையைத் துவைத்து உலர்த்துதலும் கட்டாயம். வியர்வையும் அழுக்கும் படிந்த உறை தோல்நோயை வரவழைக்கும்.

விதிகளும் கண்காணிப்பும்

குதிரையேற்ற விளையாட்டுகளுள் ட்ரெசாசு என்பது, குதிரை ஒழுங்கான நடையசைவுகளைச் செய்து காட்டும் போட்டியாகும். அதற்குரிய பன்னாட்டு விதிகள் செவியுறையை அனுமதிக்கின்றன. அது ஒலியைக் குறைக்கும் தன்மையுடையதாகவும் இருக்கலாம். ஆனால், அது கண்ணை மூடுதல் கூடாது. மூக்கு வாரோடு இணைக்கப்படுதலும் கூடாது. செவித்துளையை அடைக்கும் பஞ்சு முதலியவற்றைப் போட்டியின்போது வைக்க அனுமதியில்லை. பரிசளிப்பு விழாவின்போது மட்டும் வைக்கலாம். பரிசளிப்பில் இசையும் கைத்தட்டலும் மிகுதி. பல குதிரைகள் ஒன்றாகச் சேர்ந்து ஓடும். அவ்வேளையில் மிரட்சி ஏற்பட்டால் விபத்து நேரும் என்பதாலேயே இவ்விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உறைக்குள் மறைவாக ஏதேனும் வைக்கப்பட்டுள்ளதா என்று கண்காணிப்பாளர் சோதித்தும் பார்ப்பர்.

ஒரே பொருளை நன்மைக்கும் பயன்படுத்தலாம். வேறு நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். சிறு வண்டி பூட்டிய குதிரைகள் ஓடும் பந்தயங்களில், குதிரையின் செவியை அடைத்து, அடைப்புடன் ஒரு கயிற்றைக் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. எல்லைக் கோடு நெருங்கும் வேளையில், வண்டியோட்டி அக்கயிற்றை இழுத்து அடைப்பைப் பிடுங்கிவிடுவார். இதுவரை அடங்கியிருந்த இரைச்சல் முழுவதும் திடீரெனச் செவியில் பாய, குதிரை மேலும் விரைந்தோடும். தடைதாண்டும் வீரர் குதிரையின் அமைதிக்காகச் செவியை மூடுகிறார். பந்தய வண்டியோட்டியோ, தக்க நேரத்தில் அவ்வமைதியைக் கலைப்பதற்காகவே மூடி வைக்கிறார். கருவி ஒன்றே; கருதிய பயன் வேறு.

செவியுறையால் இயலாதவை

செவியுறையை அணிவித்துவிட்டால் குதிரை அச்சமே கொள்ளாது என்று எண்ணுதல் பிழை. 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இதற்குச் சான்று உண்டு. தடைதாண்டல் களத்தில் சப்பானியப் பண்பாட்டை விளக்கும் அலங்காரங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, சூமோ மல்லர் ஒருவர் குனிந்து நிற்பது போன்ற ஆளுயர உருவம். வளைந்து திரும்பி வந்ததும் அவ்வுருவம் எதிரே தோன்றியதால் சில குதிரைகள் மிரண்டதாக வீரர்கள் கூறினர். செவியை மூடினாலும் கண் திறந்தே உள்ளது. கண்வழி வரும் அச்சத்தைப் பொறுமையான பயிற்சியால்தான் போக்க இயலும்.

வேறு இரு குறைகளும் உள. வெப்பம் மிகுந்த நாட்டில் தடித்த உறை தலையைச் சூடேற்றி வியர்க்கச் செய்யும். அன்றியும், உறை செவியை மறைப்பதால், உள்ளே இருக்கும் புண்ணும் வீக்கமும் கண்ணில் படாமல் போகலாம். ஆதலால் உறையைக் கழற்றியவுடன் செவிகளைச் சோதித்துப் பார்ப்பது நல்ல வீரரின் வழக்கம்.

கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் என்பவர், கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையிடம் சினத்தோடு நெருங்குதல் ஆகாது என்பது அவருடைய அறிவுரை. ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரண்டால், அப்பொருளால் தீங்கில்லை என்பதை மென்மையாக உணர்த்த வேண்டும். மாறாக, அடித்து வற்புறுத்தினால் அச்சம் பன்மடங்கு பெருகும். ஏனெனில், தான் படும் அடியின் வலிக்கும் அப்பொருளே காரணம் என்று குதிரை எண்ணிக்கொள்ளும் என்று அவர் விளக்குகிறார். எத்துணை நுட்பமான கருத்து! இன்றைய பயிற்சியாளரும் இதனையே பின்பற்றுகின்றனர்.

முடிவுரை

செவியுறை ஒரு சிறு துணி. அதன் எடை சில நூறு கிராமைத் தாண்டாது. ஆயினும், அதற்குள் ஓர் உயர்ந்த எண்ணம் அடங்கியுள்ளது. வாய்பேச இயலாத ஓர் உயிர், தனக்கு ஈ கடிக்கிறது என்றோ, இரைச்சல் அச்சமூட்டுகிறது என்றோ நம்மிடம் சொல்ல முடியாது. நாமே அதன் செவியைப் பார்த்து, அதன் இடத்தில் நின்று எண்ணி, அதன் துன்பத்தை அறிய வேண்டும். அறிந்தபின் அத்துன்பத்தை நீக்க வேண்டும். சாட்டையை எடுப்பது எளிது. காரணத்தைத் தேடுவது அரிது. அரிய செயலைச் செய்தவனுக்கே பூசெபலசு முதுகு தந்தது.

மாணவர்களே, இப்பாடம் குதிரைக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் எழுந்து பேச அஞ்சி நிற்கும் தோழன் ஒருவன் இருக்கலாம். புதிய பள்ளிக்கு வந்து மிரண்டு விழிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கலாம். வீட்டில் வளரும் நாய், இடியோசையைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் பதுங்கலாம். அவர்களைக் கண்டு நகைத்தலும் அதட்டுதலும் அச்சத்தைப் போக்கா. எதற்காக அஞ்சுகிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அக்காரணத்தை நீக்க உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். இனி ஒருநாள் செவியுறை அணிந்த குதிரை ஒன்று தடையின் மேல் எழுந்து பறப்பதைக் காணும்போது, அதன் அச்சத்தை அறிந்து தணித்த ஒருவர் அதன் முதுகில் அமர்ந்திருக்கிறார் என்பதை நினைவிற்கொள்வீர்களாக.